உருவப்படத்தின் உறவினர்

என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவர, படைச் சடங்குத் துறை தலைநகரிலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தது. பெயர் அவ்குஸ்த் கார்லவிச். பனிச்சறுக்கு வண்டியிலிருந்து இறங்கி, காலணியில் ஒட்டியிருந்த பனியை எங்கள் கூடத்திலேயே உதறிவிட்டு, முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயின் மூடியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த கிழவனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, தளபதி கோர்தேய் லாவ்ரென்த்யெவிச் ஸ்வியாகின் இன்னும் இருக்காரா, போய்ச் சேர்ந்துட்டாரா?"

"இருக்கேன்," என்றான் என் தம்பி.

அவ்குஸ்த் கார்லவிச் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அப்படியே பக்கத்து நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா! வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன் தெரியுங்களா? இந்த வருஷம் படையில சேர்ந்து ஐம்பது வருஷம் நிறையற தளபதிங்க நாலு பேரு. மூணு பேரு பொறுப்பே இல்லாம செத்துட்டாங்க. ஒருத்தர் விழாவுக்கு முந்தின வாரம். மண்டபமெல்லாம் தோரணம் கட்டி முடிச்சாச்சு. கொஞ்சமாவது யோசிக்க வேண்டாம்?"

"எதுக்கு யோசிக்கணும்?" என்றேன்.

"பொன்விழா நடந்தா விழாக் குழுவுல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு பதக்கம், அம்மணி. நடக்கலைன்னா ஒண்ணும் இல்ல. நான் மூணு வருஷமா செயலாளர். இந்தச் சட்டையைப் பாருங்க, மொட்டையா இருக்கு. என் மனைவி ஞாயித்துக்கிழமை பிரார்த்தனைக்கு என்கூட நடந்து வர மாட்டேங்கிறா."

இப்படித்தான் என் தம்பியின் புகழ் மீண்டும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

தம்பியைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சரியாகச் சொல்லப்போவதில்லை. பதினாறு வயதில் படையில் சேர்ந்தவன். தெற்கே மூன்று கோட்டைகளைப் பிடித்தான். பேரரசர் தம் கையாலேயே அவன் தோளில் நீலப் பட்டையைப் போட்டார். நாட்டில் அதற்கு மேல் ஒரு விருது கிடையாது. பிறகு அவனை ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பினார்கள். அங்கேதான் அவன் எதிரிகளைச் சம்பாதித்தான். ஈஸ்டர் அன்று அதிகாரிகள் எல்லாரும் ஆளுநர் மாளிகையில் வரிசையாக நின்று அவர் கன்னத்தில் மும்முறை முத்தமிட்டு வாழ்த்துவது அங்கே வழக்கம். யார் யாருக்கு முன்னால் முத்தமிட்டார் என்பதை வைத்து வருடம் முழுவதும் பதவி உயர்வு நடக்கும். என் தம்பி ஒரே உத்தரவில் அதை நிறுத்தினான். "வீட்டுக்குப் போய் அவங்கவங்க பொண்டாட்டிக்கு முத்தம் குடுங்கய்யா," என்றான். போதாததற்கு, காகிதத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்த பாலங்களை ஆற்றின் மேலேயே கட்டிவிட்டான். முதலாவதைக்கூட மன்னித்திருப்பார்கள்.

அதன் பிறகு குர்லான் ஆற்றுப் போர் வந்தது. குளிர்காலம். வெடிமருந்து நனைந்துவிட்டது, ரொட்டி தீர்ந்துவிட்டது, எதிரி மூன்று பக்கமும் வந்துவிட்டான். பின்னால் உறைந்த ஆறு. தலைநகரிலிருந்து வந்த கட்டளை: கரையை விடாதே. பனிக்கட்டி பீரங்கிகளைத் தாங்கினால் ஆட்களைத் தாங்காது. ஆட்களைத் தாங்கினால் பீரங்கிகளைத் தாங்காது. என் தம்பி பீரங்கிகளைக் கரையில் விட்டுவிட்டு வெலேத்ஸ்க் படைப்பிரிவின் ஏழாயிரம் பேரை நடத்திக்கொண்டு அக்கரை சேர்ந்தான்.

தலைநகரம் கொதித்துப் போனது. அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பீரங்கிகளுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. சிப்பாய்களுக்கு அப்படியொன்றும் இல்லை.

தம்பியை "சீருடை இல்லாமல்" ஓய்வில் அனுப்பினார்கள். எங்கள் நாட்டில் ஒரு படைத்தலைவருக்கு அதைவிட அவமானம் இல்லை. சாகும்வரை ஒரு படைப் பொத்தானைக்கூட அவர் உடம்பில் போடக் கூடாது. படைப்பிரிவுக்கும் தண்டனை: அதன் முரசைப் பறித்தார்கள். முரசு கொட்டிக்கொண்டு நடப்பது ஏதோ ஒரு வெற்றிக்காக முன்னோர் வாங்கிய உரிமை. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகளாக வெலேத்ஸ்க் படை ஊருக்குள் நுழைந்தால் காலணிச் சத்தம் மட்டும்தான். சந்தைப் பெண்கள் அவர்களுக்கு "ஊமைங்க" என்று பெயர் வைத்தார்கள். தன் சீருடைக்காக என் தம்பி ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை. அந்த முரசுக்காக விட்டிருக்கிறான். நான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே அவ்குஸ்த் கார்லவிச்சிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "முரசைத் திருப்பிக் குடுங்க. உங்க விழாவுக்கு வர்றேன். நிக்கச் சொன்னா நிக்கிறேன், உட்காரச் சொன்னா உட்காருறேன்."

"அதுக்கென்ன, எங்க துறைத் தலைவர் நினைச்சா முடியும்," என்றார் அவர். "உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். பிரபு இப்போலித் துர்ஸ்கி."

தெரிந்தவர்! இப்போலித் எங்கள் வீட்டில் வளர்ந்தவன். அப்பா அம்மா இல்லாத பிள்ளை. சளி பிடித்தால் அவன் காலுறைக்குள் கடுகுப்பொடி போட்டுத் தூங்கவைத்தவள் நான். தம்பி அவனைத் தன் உதவி அதிகாரியாக வைத்துக்கொண்டான். குர்லானிலிருந்து திரும்பியவன் என் சாப்பாட்டு மேசையில்தான் தலையைச் சாய்த்து அழுதான். "அம்மா, நான்தான் அவர் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன், கடந்துடலாம் கடந்துடலாம்னு." ஒரு மாதம் கழித்து விசாரணைக் குழுவின் முன் அதே வாய், "நான் தடுத்தேன், தளபதி கேட்கவில்லை," என்றது. "சின்னப் பையன்க்கா, அவனுக்கு இனிமேதான் வாழ்க்கை," என்று தம்பி அதையும் விழுங்கினான். நான் விழுங்கவில்லை. தொண்டையிலேயே வைத்திருந்தேன்.

இருந்தாலும் போனோம். நாங்கள் போன அன்று தலைநகரின் கால்வாய்கள் கல்லாக உறைந்திருந்தன. இப்போலித் படியிறங்கி வந்து என் கையை முத்தமிட்டான். சட்டையில் இடமே இல்லாமல் விருதுகள் தொங்கின, குனிந்தபோது கிலுகிலுத்தன.

"அம்மா! வயசே ஆகலியே உங்களுக்கு!"

"உனக்கு ஆயிடுச்சு. முரசு என்ன ஆச்சு?"

"இன்னும் அந்தக் கோபம் போகலையா? முரசு வரும்மா. என் வாக்கு. விழா அன்னிக்கே வரும்."

"உன் வாக்கை நான் ஏற்கெனவே ரெண்டு விதமா கேட்டிருக்கேன்," என்றேன். அவன் சிரித்தான். பதவியில் இருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பை எங்கோ சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மறுநாள் ஒத்திகை. மண்டபத்தில் விழாக் குழுவினர் பதினோரு பேர் கூடியிருந்தார்கள். தம்பியைக் கதவோரம் நிறுத்திவிட்டு, அவனுடைய இடத்தில் அவ்குஸ்த் கார்லவிச் உட்கார்ந்து அவனாக நடித்தார். ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "இவ்வளவு பேசுறீங்களே, நான் இதுக்கெல்லாம் தகுதியா?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி என் காதில் கேட்டான்: "அக்கா, நான் இருக்கணுமா, போகணுமா?"

சிக்கல் பிற்பகலில் வந்தது. இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் திடீரென்று கத்தினார்.

"நீலப் பட்டை! இவர்கிட்ட நீலப் பட்டை இருக்கு!"

மண்டபமே வெலவெலத்துப் போனது. நீலப் பட்டைக்காரர் இருக்கும் மேசையில் சிவப்புப் பட்டைக்காரர் அவருக்கு மேலே உட்காரக் கூடாது. இப்போலித்திடம் இருப்பது சிவப்பு. ஆகவே தம்பி தலைமை இருக்கையில் உட்கார வேண்டும். ஆனால் தலைமை மேசை சீருடைக்காரர்களுக்கு. தம்பிக்குச் சீருடை கிடையாது. சீருடை இல்லாதவர் பட்டை போடக் கூடாது. பட்டை போடாவிட்டாலோ, பேரரசர் கொடுத்ததை அவமதித்த குற்றம்.

"தளபதி அவர்களே, உங்களுக்கு உடம்பு சரியில்லாம போக வாய்ப்பு உண்டுங்களா?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"கொஞ்சமா? மூச்சிரைப்பு மாதிரி?"

"இல்லைங்க."

"மூட்டு வலி?"

"மூட்டு வலியோட உட்காரலாமே," என்றான் தம்பி. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. கோட்டைச் சுவரில் எங்கே ஓட்டை போடலாம் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். இந்த மனிதர்கள் தன்னைச் சுற்றி எழுப்பும் சுவர் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவ்குஸ்த் கார்லவிச் எழுந்தார். தம் வாழ்க்கையின் மிகப் பெரிய யோசனை அவர் முகத்தில் உதித்துக்கொண்டிருந்தது.

"பெரியோர்களே, நம்ம துறைக் கிடங்குல இவரோட உருவப்படம் ஒண்ணு இருக்கு. குர்லானுக்கு முன்னாடி வரைஞ்சது. முழுச் சீருடை, நீலப் பட்டை, எல்லாம் சட்டப்படி. அந்தப் படத்துகிட்டயிருந்து யாரும் சீருடையைப் பறிக்கலை. உத்தரவு ஆளுக்குத்தான், படத்துக்கு இல்ல. படத்தைத் தலைமை இருக்கையில வைப்போம். விழா படத்துக்கு. படம் யாரையும் சங்கடப்படுத்தாது, இடையில பேசாது, முக்கியமா செத்துப் போகாது!"

"அப்ப இவரு?" என்று யாரோ தம்பியைக் காட்டினார்கள்.

"இவரா?" அவ்குஸ்த் கார்லவிச் சற்று யோசித்தார். "படத்தோட உறவினர்."

ஒருமனதாக நிறைவேறியது.

நான் எழுந்துவிட்டேன். "கோர்தேய், கிளம்பு. இருநூறு வருஷமா ஸ்வியாகின் வீட்டுல யாரும் ஒரு துணிக்கு உறவா இருந்ததில்ல."

"முரசுக்கா," என்றான் தம்பி. அவ்வளவுதான் சொன்னான். நான் உட்கார்ந்தேன்.

விழா அன்று எங்களுக்குத் தூணுக்குப் பின்னால், இசைக்குழுவின் ஊதுகொம்புகளுக்குப் பக்கத்தில் இடம். ஒவ்வொரு முறை கொம்பு ஊதும்போதும் என் சூப்புத் தட்டில் எச்சில் விழுந்தது. தலைமை நாற்காலியில் படம் இருந்தது: நாற்பத்தைந்து வயதுத் தம்பி, நிமிர்ந்த கழுத்து, அடர்ந்த மீசை. அதன் முன்னால் முழுச் சாப்பாடும் வைத்தார்கள். ஸ்டர்ஜன் மீன் வந்தது, வறுத்த பன்றிக்குட்டி வந்தது. பின்னால் நின்ற பணியாள் ஒவ்வொரு முறையும் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் காத்திருந்து தட்டை எடுத்தார். எங்கள் பக்கத்துக்கு மீன் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

வாழ்த்துரைகள் தொடங்கின. முதலில் கருவூலத்திலிருந்து ஒருவர். "இந்த மாபெரும் வீரரை நான் ஒரே ஒரு தடவை சந்திச்சேன். அப்ப அவர் என்னை அறையிலேருந்து வெளியே போகச் சொன்னார். அந்தக் கம்பீரம்! நான் உடனே போயிட்டேன். போய், அவர் எதை வேண்டாம்னாரோ அதை வேற ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். அப்படித்தான் அவர் எனக்கு விடாமுயற்சியைக் கத்துக்கொடுத்தார்."

அடுத்தவர் படைக்கலத் துறை. குர்லானுக்கு நனைந்த வெடிமருந்தை அனுப்பியவர். "மருந்து இல்லாமலே போரிடக்கூடிய தளபதிகள் நம்மிடம் இருக்காங்கன்னு உலகத்துக்குக் காட்டினவர் இவர். அதுல என் பங்கும் இருக்குன்னு நினைக்கும்போது நெஞ்சு விம்முது."

பிறகு படத்துக்கு ஒரு பதக்கம் அறிவித்தார்கள். வெள்ளிப் பதக்கம், நீண்ட ஊசியோடு. அவ்குஸ்த் கார்லவிச் மண்டியிட்டு அதைப் படத்தின் இடது மார்பில் குத்தினார். துணி கிழியும் சத்தம் தூண்வரை கேட்டது. தம்பியின் கை தானாக அவன் நெஞ்சுக்குப் போனது.

பிறகு இப்போலித் எழுந்தான். கோப்பையைக் கையில் எடுத்தான். குரலில் தேன்.

"பெரியோர்களே, இந்த மகத்தான நாள்ல குர்லான் ஆத்தைப் பத்தின உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கிருக்கு. இவ்வளவு நாள் அடக்கத்தினால சொல்லாம இருந்தேன். நம்ம தளபதி கட்டளைக்குக் கீழ்ப்படிஞ்சு கரையிலயே இருக்கத்தான் விரும்பினார். கீழ்ப்படிதல்! அதுதான் அவரோட பெருமை. ஆனா ஏழாயிரம் பேரோட உயிரைப் பார்த்து என் மனசு தாங்கலை. நான்தான் அவங்களை அக்கரை சேர்த்தேன். இதைப் பேரரசரிடம் தெரிவிச்சபோது அவர் கண் கலங்கிட்டார். இன்னியிலேருந்து வெலேத்ஸ்க் படைப்பிரிவு, பிரபு துர்ஸ்கி படைப்பிரிவுன்னு அழைக்கப்படும். அதன் முரசும் திருப்பி அளிக்கப்படுது."

கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆனது. அதே ஆற்றை அவன் இப்போது மூன்றாவது முறையாகக் கடந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் அதிகம் நனையாமல்.

அவ்குஸ்த் கார்லவிச் தொண்டையைக் கனைத்தார். "விதிமுறைப்படி, பழைய தளபதியோட ஒப்புதல் தேவை. அது இல்லாம முரசைக் கொடுக்க முடியாது. படம் பேசாது. ஆகவே படத்தின் சார்புல அதன் உறவினர் சம்மதம் சொல்லுவாரா?"

எல்லாத் தலைகளும் தூணைச் சுற்றி வளைந்து எங்களைத் தேடின.

நான் தம்பியின் கையைப் பிடித்தேன். "சொல்லாதே. எத்தனை தலைமுறைப் பேரு. அப்பா கல்லறையில புரளுவாரு. இவன் உன் சீருடையை எடுத்தான், இப்ப உன் ஆத்தையும் எடுக்கிறான்."

"அக்கா, ஜன்னல் வழியா பாரு."

பார்த்தேன். கீழே தெருவில் வெலேத்ஸ்க் படை பனியில் அணிவகுத்து நின்றுகொண்டிருந்தது. தோளிலும் தொப்பியிலும் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. எல்லாம் புதுப் பிள்ளைகள். குர்லானில் நடந்தவர்களின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். முன்வரிசையில் முரசுகள், கறுப்புத் துணி போர்த்தி. துணியை அவிழ்க்கலாமா என்று ஒரு முரசுக்காரன் மேலே எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்களை ஊமைங்கன்னு கூப்பிடுறாங்கக்கா," என்றான் தம்பி.

"கூப்பிடட்டும். உண்மை இருக்குல்ல?"

"உண்மை எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாது."

அவன் எழுந்தான். பழைய மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, படத்தையும் பார்க்காமல் இப்போலித்தையும் பார்க்காமல், மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னான்: "சம்மதம். பிரபு துர்ஸ்கிதான் படையை அக்கரை சேர்த்தாரு."

இப்போலித் எங்களிடம் ஓடிவந்தான். அவன் கண்ணில் உண்மையான கண்ணீர் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. "பெரிய மனசு! அம்மா, இவரு எனக்கு அப்பா மாதிரின்னு நான் எப்பவும் சொல்லுவேன்."

"தெரியுமே," என்றேன். "அதனாலதான் அவர் சொத்தையெல்லாம் உயிரோட இருக்கும்போதே எடுத்துக்கிட்டே."

அவன் சிரித்தான். அதே சிரிப்பு. பக்கத்தில் விழாக் குழுவினர் பதினோரு பேரும் தங்கள் பதக்கங்களை ஒருவருக்கொருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். அவ்குஸ்த் கார்லவிச் தம்முடையதைக் கையால் மூடி மூடித் திறந்து பார்த்தார்.

நாங்கள் படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை ஒரு காவலன் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். தம்பியின் தோளையும் தள்ளினான். "பெரியவரே, பின்னால போங்க, படை வருது. அந்த அம்மாவையும் இழுத்துக்குங்க."

தம்பி பின்னால் நகர்ந்தான். எனக்கு அடுத்து ஒரு ரொட்டிக்காரி தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் படை?" என்று கேட்டாள்.

"துர்ஸ்கி படை," என்றான் காவலன். "படையை ஆத்துக்கு அக்கரை சேர்த்தாரே, அந்த மகராசன். அதோ பால்கனியில நிக்கிறாரு பாரு."

"அடேயப்பா, பார்த்தாலே தெரியுதே!" என்றாள் ரொட்டிக்காரி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் தொண்டையில் வைத்திருந்தது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் தெருவில் குரல் உயர்த்தியதில்லை. நான் உயர்த்தினேன். கைத்தடியை ஓங்கி பால்கனியைக் காட்டி, என் உடம்பில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்துக் கத்தினேன்: "பொய்! அவன் இல்ல! இவன்! இதோ நிக்கிறானே, இவன்தான் அக்கரை சேர்த்தான்! இவன் பேரு கோர்தேய் ஸ்வியாகின்!"

அந்த நொடியில் முரசுகள் முழங்கின.

எல்லா முரசுகளும் ஒன்றாக. பத்தொன்பது ஆண்டுகளுக்கும் சேர்த்து அடித்தார்கள் அந்தப் பிள்ளைகள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, கூரைகளிலிருந்து பனி சரிந்து விழுந்தது. என் வாய் அசைந்தது எனக்குத் தெரிகிறது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரொட்டிக்காரி என் முகத்தைப் பார்த்து, நானும் வாழ்த்துகிறேன் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டினாள். மறுபடி கத்தினேன். மறுபடியும். வரிசை வரிசையாகப் படை எங்களைக் கடந்து போனது. ஒரு முகமும் திரும்பவில்லை.

கடைசி வரிசை தெருமுனையில் திரும்பிய பிறகுதான் தம்பி என் பக்கம் பார்த்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. இருபது வயது குறைந்தவன் போல இருந்தான்.

"நீ என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சே. என்னக்கா சொன்ன?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "தொப்பியைப் போடு. குளிருது."